எட்டு நாள் சொந்தக்காரன்

பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும் காலத்தில், வருடத்தில் எட்டே எட்டு நாட்களுக்கு, நான் ரொறன்ரோவில் பெரிய பணக்காரன். எழுபது வீடுகளின் விஸ்கியும் பியரும், பாண், பிஸ்கட், நூடில்ஸ், கோதுமை மாப் பைகளும் அந்த நாட்களில் எனக்குச் சொந்தம். அவை அடுக்கியிருக்கும் அலுமாரிகளும் நிலவறை மூலைகளும் என் பெயரில் வாடகைக்கு எழுதப்பட்டிருக்கும். ஊரில் இருக்கிறவர்களிடம் இதைச் சொன்னால், பனிக்குள் நின்று இவனுக்கு மண்டை விறைத்துப் போய்விட்டது என்பார்கள். இவ்வளவு சொத்தையும் வைத்துக்கொண்டுதான் காலை ஐந்தரைக்கு வெக்ஸ்போர்ட்டில் பஸ் ஏறி, இன்னும் ஒரு பஸ் மாறி, பதேர்ஸ்ட் வீதியில் இருக்கும் ஒரு சிறிய யூதத் தொழுகைக் கூடத்துக்குக் கூட்டித் துடைக்கப் போகிறேன். இடது முழங்கால் படியேறும்போது ஒரு சத்தம் போடும். அதுவும் எனக்கே சொந்தம்.

தொழுகைக் கூடத்தை இங்கே சினகொக் என்பார்கள், அதன் குருவை றபாய் என்பார்கள். எனக்கு முன்னால் பராமரிப்பு வேலை பார்த்த போர்த்துக்கேயர் ஓய்வெடுத்ததும் நான் வந்து சேர்ந்தேன். போன வருடம்தான் எனக்கு முதல் பாஸ்கா. எகிப்தில் அடிமைகளாய்க் கிடந்தவர்கள் அவசரமாகப் புறப்பட்டதை நினைக்கும் பண்டிகை அது. மா புளிக்கும்வரை காத்திருக்க அன்றைக்கு அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை. அதனால் புளித்த தானியத்தில் செய்த எதையும் எட்டு நாட்களுக்குச் சாப்பிடக்கூடாது. சாப்பிடாமல் இருந்தால் மட்டும் போதாது, அது சொந்தமாகவும் இருக்கக்கூடாது. இரண்டு கிழமையாக, பதினாலு நாளும், நான் சுரண்டாத இடமில்லை. கதிரை இடுக்குகளில் இருந்த பாண் துகள்களை வயதான பெண்கள் பல்லுக்குச்சியால் கிண்டி எடுத்தார்கள். பொங்கலுக்கு நாங்கள் வீடு கழுவுவதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. இவ்வளவும் செய்துவிட்டு, தங்கள் கண்ணில் படாமல் ஏதாவது மிஞ்சியிருந்தால் அதுவும் தங்களுக்குரியதல்ல, நிலத்துத் தூசியைப்போல யாருடையதுமில்லாமல் கிடக்கட்டும் என்று வாயாலும் சொல்லிக் கைவிடுகிறார்கள். விலை கூடிய போத்தல்களையும் உடைக்காத பெட்டிகளையும் எறிய மனம் வராதவர்கள், யூதர் அல்லாத ஒருவருக்கு அவற்றை விற்றுவிட வேண்டும். எழுபது குடும்பமும் அந்தப் பொறுப்பை றபாயிடம் கொடுத்திருந்தது. வாங்குகிற ஆள் நான்.

பண்டிகைக்கு முதல் நாள் காலை றபாய் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். என் வயதுதான் இருக்கும். கோட்டின் முழங்கைகள் தேய்ந்து மினுங்கும். மேசையில் ஒப்பந்தம், வீடுகளின் பட்டியல், ஒரு பெட்டி நிறைய வீட்டுப் பூட்டுகளின் திறப்புகள். முற்பணமாக ஒரு சிறு தொகையை நான் கொடுக்க வேண்டும், மிகுதியைப் பண்டிகை முடிந்ததும் கொடுத்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம், கொடுக்க விருப்பமில்லையென்றால் விற்றவர்களுக்கே திரும்பிவிடும் என்று விளக்கினார். எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். இந்த மனிதர்கள் என்னை நம்பி வீட்டுத் திறப்பைக் கொடுக்கிறார்கள், அந்த நம்பிக்கைக்கு நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? நெஞ்சில் கை வைத்து, எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன்: "கவலைப்படாதீர்கள். இது பேப்பருக்குத்தானே. நான் ஒரு சாமானையும் தொடமாட்டேன்."

முதுகில் தட்டிக் கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் விழுந்துவிட்டது. பேனையை மேசையில் வைத்தார்.

"அப்படி நீங்கள் நினைத்தால் இது விற்பனையே இல்லை" என்றார்.

"இல்லை ஐயா, நான் நேர்மையான ஆள்."

"அது தெரியும். அதுதான் இப்போது சிக்கல்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்கு உங்களுக்கு ஆசை வந்தால் இந்தப் பட்டியலில் இருக்கும் பல் வைத்தியரின் வீட்டுக்குப் போய் அவருடைய விஸ்கியைக் குடிக்கலாம். அவர் கதவைத் திறந்துவிட வேண்டும். இது நாடகமென்றால் எழுபது வீட்டாரும் கடவுளுக்கு முன்னால் பொய்யர்."

"எப்படியும் எட்டு நாளில் திரும்பி வந்துவிடுமே?"

"வராமலும் போகலாம். அதற்குச் சம்மதித்துத்தான் கையெழுத்து வைத்திருக்கிறார்கள்."

நான் தலையை ஆட்டினேன். என் தலையாட்டலை அவர் நம்பவில்லை. எழுந்து களஞ்சிய அறைக்குக் கூட்டிப் போனார். கூடத்துக்குரிய பொருட்களை ஒதுக்கி வைத்திருந்த அலுமாரியை என்னையே திறக்கச் சொன்னார். கையெழுத்து முடிந்ததும் இதிலிருந்து ஏதாவது ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடுங்கள், அப்போதுதான் உங்களுக்கும் எனக்கும் மனம் தெளியும் என்றார். சிவன் சொத்து குலநாசம் என்று கேட்டு வளர்ந்தவன் நான். கோயில் மடைப்பள்ளியில் ஒரு தேங்காய்ச் சொட்டைக்கூடக் கேளாமல் எடுத்ததில்லை. யாருடைய கடவுளாய் இருந்தால் என்ன, கடவுள் வீட்டுச் சாமான்தானே? ஆனால் அந்த மனிதர் கெஞ்சுவதுபோல் நின்றார். கையெழுத்துப் போட்டு, முற்பணத்தைக் கொடுத்துவிட்டு, ஒரு பிஸ்கட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் அதை மடியில் வைத்திருக்கவே கூச்சமாக இருந்தது.

என் மனைவி கமலா கதை முழுவதையும் கேட்டாள். கேட்டுக்கொண்டே பெட்டியை உடைத்து ஒரு பிஸ்கட்டைத் தேத்தண்ணிக்குள் தோய்த்தாள்.

"அந்த மனிசன் உந்த பிஸ்கட்டையே உண்மையாக் குடுத்திருக்கு. நீங்கள் தவத்துக்கு வீட்டைக் குடுத்த மாதிரியோ?"

தவமணி என் தங்கை. யாழ்ப்பாணத்தில் அம்மா எனக்கு எழுதிவைத்த வீடு, யுத்தம் முடிந்தபோது சுவர்களாக மட்டும் நின்றது. புருசனைப் பறிகொடுத்துவிட்டு, பள்ளிக்கூடம் போகும் மகளோடு தவம் அதற்குள் தறப்பாள் கட்டிக் குடியிருந்தாள். நான் இரண்டு வேலை செய்து வீட்டைத் திருப்பிக் கட்டினேன். "வீடு உனக்குத்தான் தவம். என்ர பேரில இருந்தாலென்ன, உன்ர பேரில இருந்தாலென்ன" என்று போனில் சொன்னேன். தங்கச்சிக்கு வீட்டைக் கொடுத்தவன் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். அந்தப் புகழில் நான் நன்றாகக் குளித்தேன். ஆனால் முன்னறையைப் பூட்டித் திறப்பை ரொறன்ரோவுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அதற்குள் எனக்கென்று ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, இரண்டும் பொலித்தீன் உறை கழற்றாமல். தாயும் மகளும் மழைக்கு ஒழுகுகிற பின்னறையில் படுத்தார்கள். இவ்வளவு வருடத்தில் நான் அந்தக் கட்டிலில் படுத்தது பதினொரு இரவு.

தவத்தின் மகள் நிரோசாவுக்குக் கலியாணம் பேசி எட்டு மாதமாகியிருந்தது. நல்ல பெடியன். வீட்டைப் பெண்ணின் பெயரில் எழுதினால் நாள் வைக்கலாம் என்று அவனுடைய வீட்டார் சொல்லியிருந்தார்கள். பெண்ணுக்கு வீடு எழுதுவது எங்கள் ஊரில் புதிய கேள்வியா என்ன? தவம் எடுக்கும் ஒவ்வொரு அழைப்பின் முடிவிலும், "அண்ணை, வீட்டு உறுதி எழுதுற விசயத்தை ஒருக்காப் பாருங்கோவன்" என்பாள். "பாப்பம்" என்பேன். வேலை கூடிப்போச்சு என்பேன். லோயரைப் பிடிக்க முடியவில்லை என்பேன். லோயர் எங்கள் தொடர்மாடிக்கு எதிர்க் கட்டடத்தில்தான் இருந்தார். மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்று கடைசியாகப் பேசியபோது தவம் சொன்னாள். அழவில்லை. அவளுக்கும் களைத்துவிட்டது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயம். பனி அள்ளும் ஒவ்வொரு காலையும், எனக்கென்று ஒரு வீடு இருக்கிறது, முழங்கால் முற்றாகப் போகும் அன்றைக்குப் போய்விடுவேன் என்று நினைத்துக்கொண்டுதான் அள்ளினேன். கமலா வரமாட்டாள். பிள்ளைகள் இருவரும் விட்பியில் வீடு வாங்கி, காரிலேயே பாதி வாழ்க்கையைக் கழிக்கிறார்கள், அவர்களும் வரமாட்டார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அந்த வீடு இல்லையென்றால் நான் பதேர்ஸ்ட் வீதியில் கூட்டுகிற ஒரு கிழவன், அவ்வளவுதான்.

பாஸ்காவின் ஐந்தாம் நாள் கமலாவையும் கூட்டிக்கொண்டு வீதியைக் கடந்து லோயரிடம் போனேன். தவம் எனக்காக ஊரில் நிரோசா பெயருக்கு நன்கொடை உறுதி முடிப்பதற்கு, என் சார்பில் கையெழுத்திடும் அதிகாரத்தை, அற்றோணித் தத்துவத்தை, இங்கிருந்து எழுத வேண்டும். லோயர் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளை. எழுதிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணை, சீவிய உருத்து வைக்கிறியளோ?"

"வைச்சால்?"

"நீங்கள் சாகுமட்டும் வீட்டில உங்களுக்கு உரிமை இருக்கும். உங்களைக் கேளாமல் ஒண்டும் செய்யேலாது. எல்லாரும் வைக்கிறவை, பிழையில்லை."

வையுங்கோ என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கொடுத்த பெயரும் கிடைக்கும், கொடுக்காத நிம்மதியும் இருக்கும். இவ்வளவு காலமும் நான் செய்ததும் அதுதானே, இனிமேல் முத்திரை குத்திச் செய்யலாம். மேசைக்கு அப்பால் அன்றைக்குப் பேனையைக் கீழே வைத்த றபாயின் முகம் எனக்குத் தெரிந்தது. கமலா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம் தம்பி" என்றேன். "முழுசா எழுதுங்கோ."

கையெழுத்துப் போட்டதும் பாரம் இறங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பல்லுப் பிடுங்கிய இடத்தை நாக்கு தேடுவதுபோல, நாலைந்து நாள் மனம் அந்த வீட்டையே தடவிக்கொண்டிருந்தது. பூட்டை உடைத்து முன்னறையை எடுத்துக்கொள்ளும்படி தவத்துக்குச் சொல்லிவிட்டேன். பண்டிகை முடிந்ததும் றபாய், மிகுதிப் பணத்தைக் கட்டப்போகிறீர்களா என்று உண்மையாகவே கேட்டார். இல்லை என்றேன். என் முற்பணத்தைத் திருப்பித் தந்து, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார். எழுபது வீட்டு விஸ்கியும் எழுபது வீட்டுக்கும் திரும்பிப் போனது. அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. உங்களுக்கு எட்டு நாள், எனக்கு மட்டும் என்றைக்குமா? அதை அவரிடம் கேட்கவில்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன்.

உறுதி முடிந்த அன்று தவம் போன் எடுத்தாள். அழுதாள், சிரித்தாள். ஆவணியில் கலியாணம், முன்னறைக்கு வெள்ளையடிக்கிறோம், பொம்பிளை மாப்பிள்ளைக்கு அதுதான் காற்றோட்டம் என்றாள். பிறகு, பாய் தலையணைகளைக் கணக்குப் பார்க்கிறவள்போல, வலு அன்பாகக் கேட்டாள்:

"வந்தால் எத்தினை நாள் நிப்பியள் அண்ணை?"

அவள் ஒரு குறையும் நினைத்துக் கேட்கவில்லை. வரப்போகிற எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். இங்கே முப்பது வருடமாக என்னிடம் எந்த நாடு என்று கேட்கிறார்கள். அந்த வீட்டில் எத்தனை நாள் என்று என்னிடம் யாரும் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஒரு கிழமை நிப்பன் தவம்" என்றேன். "உங்களுக்குக் கரைச்சல் இல்லையெண்டால்."