சுருட்டுக்கும் ரம்முக்கும் பொருத்தம்

என் மாமா கப்பலில் இன்ஜினியர் என்றுதான் எங்கள் பிளாக்கில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அம்மா அப்படிச் சொல்லி வைத்திருந்தாள். உண்மையில் தம்பி அங்கே என்ன வேலை பார்க்கிறான் என்பது அம்மாவுக்கே கொஞ்ச நாள் தெரியாமல்தான் இருந்தது. தெரிந்த பிறகு, இன்ஜினியர் என்பதே எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது.

அப்பா தன் மேலதிகாரி வீட்டு வாசலில் பலமுறை நின்று, மாமாவுக்கு நிலக்கரி மைன்ஸில் ஒரு கான்ட்ராக்ட் வேலை வாங்கிக் கொடுத்திருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் என்றைக்காவது பெர்மனென்ட் ஆகிவிடும் என்பது அப்பாவின் கணக்கு. மாமா ஒரு மழைக்காலத்தைக்கூட முழுதாகத் தாங்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் போய் கேட்டரிங் படித்து, கப்பல் ஏறிவிட்டார். அதிலிருந்து அப்பா அவரோடு பேசுவதில்லை. போனில் மாமா குரல் கேட்டால் எழுந்து தோட்டத்துக்குப் போய், ஏற்கெனவே தண்ணீர் விட்ட செடிகளுக்கு மறுபடியும் தண்ணீர் விடுவார்.

நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம், ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு நாள், மாமா எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். மறுநாள் காலை சென்னைக்குப் போய், அங்கிருந்து விமானம் ஏறிப் போய்க் கப்பலில் சேர வேண்டும். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா, கூடத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து “ம்” என்றார். அது மாமாவுக்குச் சொன்ன “ம்”மா, காபி வேண்டும் என்று அம்மாவுக்குச் சொன்னதா என்று தெரியவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

அவர் குளிக்கும் நேரத்தில் மாமா தன் பையிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்து டீப்பாய்மேல் வைத்தார். உள்ளே தேன் நிறத்தில் ஒரு பாட்டில். பக்கத்தில் என் கட்டைவிரலைவிடத் தடியாக இரண்டு சுருட்டுகள்.

“இதுக்கு என்ன வயசு தெரியுமா? பதினஞ்சு. மரப்பீப்பாக்குள்ளயே கிடந்து வளந்தது” என்றார் மாமா.

“எனக்கு ஒன்பதுதான்.”

“அப்ப உனக்கு அக்கா முறை.”

என் கொலுசுக் கால் டீப்பாயில் பட்டுக்கொண்டிருந்தது. சட்டென்று இழுத்துக்கொண்டு, பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மாமா ஏன் சிரித்தார் என்று தெரியவில்லை.

அப்பா குடிக்காதவர். ஒயின்ஷாப் இருக்கிற தெரு வழியாகக்கூட வண்டியை விடமாட்டார். தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவர் பாட்டிலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பேச்சு மட்டும் அம்மாவைப் பார்த்துப் போனது.

“இந்தக் கருமமெல்லாம் எப்ப இருந்து நம்ம வீட்டுக்குள்ள வர ஆரம்பிச்சுது?”

“அத்தான், உங்களைக் குடிக்கச் சொல்லல” என்றார் மாமா. “என் வேலை இதுதான். ஒரே ஒரு தடவை பாருங்க. பாத்துட்டு எவ்வளவு வேணாலும் திட்டுங்க.”

அப்பா சரி என்று சொல்லவில்லை. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மாமா எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கப்பலில் பயணிகள் முன்னால் நிற்பது போல நின்றார். எந்த ரம்முக்கு எந்தச் சுருட்டு சேரும் என்று பார்த்துச் சொல்வதுதான் தன் வேலை என்றார். சுருட்டு காரமாக இருந்தால் ரம்மில் இனிப்பு தூக்கலாக இருக்க வேண்டும். ஒன்று மற்றொன்றை அமுக்கிவிடக் கூடாது. “ஜாதகப் பொருத்தம் பாக்கிற மாதிரிதான் அத்தான்.”

“குடிக்கிறதுக்கும் ஊதுறதுக்கும் பொருத்தம் பாத்துச் சொல்ல ஒரு ஆளா? அதுக்குச் சம்பளம் வேறயா?” என்று அப்பா அம்மாவிடம் கேட்டார்.

பொருத்தம் என்றதும் எனக்கு அடுத்த குழப்பம். இதில் யார் பெண், யார் மாப்பிள்ளை? சுருட்டின் இடுப்பில் தங்க நிறத் தாளில் ஒட்டியாணம் போல ஒன்று இருந்ததால், அதுதான் பெண் என்று முடிவு செய்தேன். அப்படியானால் அக்கா?

மாமா தீக்குச்சியைக் கிழித்து, மருந்து வாசம் போகும்வரை காத்திருந்து, சுருட்டு நுனியைத் தீயில் படாமல் சுற்றிச் சுற்றிக் காட்டினார். புகை ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் கேட்டுக்கு வெளியே பக்கத்து வீட்டு அத்தையின் குரல் கேட்டது. அவர்கள் குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக்காரர்கள்.

“யக்கா, என்னா சுருட்டு வாசன வந்துகினு கீது? சாமி கும்புடுறீங்களா?”

அம்மா ஒரு நொடிதான் யோசித்தாள். “ஆமா, குலசாமிக்கு. தம்பி நாளைக்குக் கப்பலுக்குக் கிளம்புறான்ல.”

எனக்குத் தலை சுற்றியது. எங்கள் குலசாமி விருதுநகர்ப் பக்கம் இருக்கிற அம்மன். சர்க்கரைப் பொங்கலைத் தவிர வேறு எதையும் அவள் தொட்டதில்லை.

அத்தை அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டாள். “ஒரு வார்த்த சொல்லியிருந்தா பூ வாங்கியாந்திருப்பேனே!” அவள் படியேறி வருவதற்குள் அம்மா பாட்டிலுக்கு விபூதி பூசி, பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து, தட்டில் கற்பூரத்தை ஏற்றிவிட்டாள். மாமா முகத்தை மாற்றாமல் தட்டை மட்டும் பாட்டிலை விட்டுத் தள்ளி வைத்தார்.

அத்தை தரையில் விழுந்து கும்பிட்டுவிட்டு எழுந்தாள். “அண்ணே, வூட்டுக்குப் பெரியவரு நீங்கதான். வாயத் தொறந்து கேளுங்க. மனசுக்குள்ள கேட்டா இந்தச் சாமிக்குக் காது கேக்காது.”

அப்பா துண்டும் பனியனுமாக நின்றார். இப்போது கத்தப் போகிறார், எல்லாம் வெளிப்பட்டுவிடப் போகிறது என்று நான் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா கையைக் கூப்பினார். கண்ணை மூடினார். தொண்டையைச் செருமிவிட்டு, தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தார்.

“சாமி, பய நடுக்கடல்ல தனியா கிடக்கிறவன். டிவியில புயல் சின்னம்னு ஒரு வட்டத்தப் போட்டாப் போதும், அன்னிக்கு எனக்குத் தூக்கம் கிடையாது. நான் பேசலங்கிறதுக்காக நீ அவனக் கைவிட்றாத. கூடவே இரு.”

புயல் செய்தியை அப்பா விடாமல் பார்ப்பது மைன்ஸில் தண்ணீர் புகுந்துவிடுமே என்ற கவலையில் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அம்மாவும் அதைத்தான் நினைத்திருப்பாள் போலிருக்கிறது. அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், கற்பூரம் அணைந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

“நல்லா கேட்டீங்கண்ணே. பலிக்கும்” என்று சொல்லி, பாட்டிலிலிருந்து கொஞ்சம் விபூதியைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டு அத்தை போய்விட்டாள்.

மாமா சுருட்டை எடுத்து நுனியைப் பார்த்தார்.

“சுருட்டு அணஞ்சிருச்சு” என்றார் மாமா, யாரிடமோ சொல்வது போல.

“திரும்பப் பத்த வைக்க முடியாதா?” என்று அப்பா கேட்டார். நேராக மாமாவைப் பார்த்து.

“முடியும் அத்தான்.”

“எதை முதல்ல?”

மாமா சொல்லிக் கொடுத்தார். புகையை நெஞ்சுக்குள் இழுக்காமல் வாயிலேயே வைத்திருந்து விட வேண்டும். பிறகு நாக்கு நனைகிற அளவுக்கு ரம். எங்கள் வீட்டில் இருந்தவை எவர்சில்வர் டம்ளர்கள்தான். அப்பா சொன்னபடியே செய்தார், சொல்லாதபடி இருமினார். அம்மா ஓடிவந்து அவர் தலையில் தட்டினாள். அடுத்த முறை இருமல் வரவில்லை. கண்ணை மூடி யோசித்தார்.

“கரும்பாலைக்குப் பக்கத்துல நிக்கிற மாதிரில்ல இருக்கு, மாப்ள!”

மாமா வேகமாகத் தலையை ஆட்டினார். அப்பா அவரைத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

“கார்த்திகை பொறக்கப் போகுது. இனிமே கடல் நல்லா இருக்காது. கப்பல் ஆடுச்சுன்னா மேல்தளத்துல நின்னு வேடிக்கை பாக்காத. புரியுதா?”

எனக்கு உதவி செய்யத் தோன்றியது. அன்று மதியம்தான் மாமா என் அட்லஸைப் பிரித்து, தன் கப்பல் சுற்றுகிற இடத்தை எனக்குக் காட்டியிருந்தார். அது அமெரிக்காவுக்குக் கீழே, தீவுகளுக்கு நடுவில், வேறொரு கடல். எங்கள் கடலூர்க் கடலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

“அப்பா, மாமா கப்பல் நம்ம கடல்லயே இல்லப்பா. டிவியில காட்டுற புயல் அங்க...”

மாமாவின் கை என் வாயைப் பொத்தியது. புகை வாசம் அடித்தது.

“சரி அத்தான். மேல நிக்கல” என்றார் அவர்.

நான் திமிறினேன். அவர் கையை எடுக்கவில்லை. நானே விரல் வைத்துப் பார்த்த கடல் அது, பக்க எண்கூட எனக்கு நினைவிருந்தது. சரியாகச் சொல்ல வந்தவளின் வாயை இவர் எதற்காகப் பொத்துகிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.