சொல்லிவிட்டுத் தொட வேண்டிய திருகு

அவள் பூந்தூள் ஆராய்பவள். ஆதலால் ஆய்வுக்கூடத்தில் அவள் பெயர் மகரந்தம். பெற்றோர் இட்ட பெயர் சம்பளச் சீட்டில் மட்டுமே உயிரோடிருந்தது. வளாகத்தின் பின்வாயிலில் நிற்கும் ஒற்றை மரம் ஆண்டுக்கொரு முறை பூக்கும். அதன் தூள் முளைத்துக் குழல் விடும் கோலத்தை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் பிடித்துவிட்டால் அவளது ஆய்வேடு நிறைவுறும். அடுத்த முறை பூக்குமுன் ஆய்வுக்காலம் முடிந்துவிடும். மரத்தடியிலோ இதழ்கள் இப்போதே மெத்தை போல் உதிர்ந்து கிடந்தன.

அந்த நுண்ணோக்கியில் அவள் கைபடாத திருகு இல்லை. மகப்பேற்று விடுப்புக்குப் பின் திரும்பி வந்து கருவிக்கூட வாயிலில் அட்டையைக் காட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. சில மாதங்கள் கருவியைத் தொடாதவரின் அனுமதி தானே காலாவதியாகிவிடும். பாதுகாப்பு வகுப்பிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும் என்பது விதி.

“நான் என்ன செத்தா போயிட்டேன்? பிள்ள பெத்துட்டு வந்திருக்கேன் சார்,” என்றாள் கருவிக்கூடப் பொறுப்பாளரிடம்.

“ரொம்ப சந்தோஷம்மா. வகுப்பு செவ்வாய்க்கிழமை,” என்றார் அவர், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

நேற்றுச் சேர்ந்த மாணவர்களோடு அமர்ந்து, மின்பொத்தான் எங்கே இருக்கிறது என்னும் பாடத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். வகுப்பு முடிந்து தேர்வு நாளும் வந்தது. தேறினால் அன்று பிற்பகலே கருவியில் அமரலாம். உலோகத் துறையில் துருவை ஆராயும் தோழி தன் முறையை விட்டுத்தருவதாகச் சொல்லியிருந்தாள்; அவளை எல்லோரும் துரு என்றே அழைத்தனர். முளைவிட்ட பூந்தூள் குளிர்பெட்டியில் காத்திருந்தது. சில மணி நேரம் போனால் குழல் சுருண்டுவிடும்.

அத்தேர்வுக்கென ஒரு வழக்கம் உண்டு. எத்திருகைத் தொடுமுன்னும் செய்யப்போவதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்; பொறுப்பாளர் ‘சரி’ என்ற பிறகே கை அசைய வேண்டும். வாயு வெளியேற்றம், அழுத்தம், மேடை உயரம் எல்லாவற்றையும் மகரந்தம் சொன்னாள், பின்பு செய்தாள். பயிற்சிக்கென வைத்திருந்த காய்ந்த எறும்பு திரையில் மங்கலாகத் தோன்றியது. அவ்வளவுதான், நாக்கு புரளுமுன் விரல் திருகிவிட்டது. எறும்பின் கண் பளிச்சென்று தெளிந்தது.

“கைய எடுங்கம்மா.”

“ஃபோகஸ்தானே சார்? தப்பாவா வந்துச்சு?”

“சரியாத்தான் வந்துச்சு. சொல்லாம வந்துச்சு.”

“வாய் கொஞ்சம் பிந்திடுச்சு. அதுக்கா?”

“போன வருஷம் மேடைய ஏத்தி மேல இருக்கிற டிடெக்டர இடிச்சது புதுசா வந்தவங்க இல்ல. உங்கள மாதிரி கை பழகினவருதான். இடிச்ச அப்புறம்தான் அவருக்கும் வாய் வந்துச்சு. அடுத்த தேர்வு திங்கக்கிழமை.”

“திங்கக்கிழமை மரத்துல வெறும் இலைதான் சார் இருக்கும்.”

“மரத்துக்கு நான் விதி போடலியேம்மா.”

அவர் கொடியவராய் இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பாள். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் சினத்தைக் கொட்ட இடமின்றி, வெளியே வந்து துருவிடம் அழுதாள்.

“அழாதடி. முறை என்னோடதுதானே? நான் ஓட்டறேன், நீ வழி சொல்லு,” என்றாள் துரு. “ஆனா கை வச்சிடாத தாயே. நீ தொட்டா என் அட்டையும் போயிடும்.”

பிற்பகலில் மகரந்தம் தோழிக்குப் பின்னே, இரு கைகளையும் தொடைக்கடியில் அழுத்திக்கொண்டு அமர்ந்தாள்.

“இடது பக்கம். இன்னும். நில்லு… தாண்டிட்ட. பின்னால வா.”

“பஸ்ஸுக்கு ரிவர்ஸ் சொல்ற மாதிரி சொல்றியே. கண்டக்டர் வேலைக்குப் போயிருக்கலாம் நீ.”

பெரும்பாலான குழல்கள் அதற்குள் வாடிவிட்டன. ஒன்று மட்டும் நிமிர்ந்து நின்றது. அதன் முனை முத்துப்போல் திரண்டிருந்தது. மகரந்தம் திரைப் பக்கம் குனிந்தாள்.

“அதுதான்டி. பீமைக் கொற…”

சொல் முடியவில்லை. ஆண்டுக்கணக்கில் இரும்பைப் பார்த்துப் பழகிய துரு, இரும்புக்கு வைக்கும் எலெக்ட்ரான் கற்றை வலிமையோடே நெருங்கிப் போயிருந்தாள். இரும்புத் துருவை எத்தனை சுட்டாலும் அது முகம் சுளிப்பதில்லை. பூந்தூள் குழலின் முனையோ சுடரருகே பிடித்த மயிர்போல் சுருங்கிற்று. துரு பதறி வலிமையைக் குறைத்துப் பொத்தானை அமுக்கியபோது, குழல் முழுதாகவும் முனை கருகியும் ஒரு படம் பதிந்தது.

“மன்னிச்சிடுடி. கை தானா போயிடுச்சு. இது போதுமா?”

“போதும்.”

போதாது என்பது இருவருக்கும் தெரிந்தது. படத்தின் அடியோரத்தில், கருவியை இயக்கியவர் பெயரென்று துருவின் முழுப்பெயரை இயந்திரம் அச்சிட்டிருந்தது.

“இந்தப் பேர வெட்டி எடுத்துடவா? யாருக்குத் தெரியப்போகுது?” என்றாள் துரு.

“வெட்டாத. ஆய்வுப் படத்துல ஓரத்தக்கூட வெட்டக் கூடாது. அதுவும் விதிதான்,” என்று சொல்லி, மகரந்தம் மீந்த தூளைக் கொட்டக் குளிர்பெட்டியை எடுத்துக்கொண்டு கழுவுதொட்டிப் பக்கம் போனாள்.