பாதிப் பாதத்தில் மிதிப்பவள்

முத்துமீனாவின் இடது காலில் விரல்கள் இல்லை. வேலைக்குப் போகும் வழியில் ஒருநாள் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்தாள். பின்னால் வந்த லாரியின் சக்கரம் பாதத்தின் முன்பகுதியில் ஏறிவிட்டது. உயிர் தப்பியதே பெரிது என்றார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஷூவின் முனையில் பஞ்சு அடைத்து நடக்கப் பழகி, மதுரையில் தான் பார்த்துவந்த ரத்தப் பரிசோதனை நிலைய வேலைக்கே திரும்பினாள். வெளியே சொல்லாமல் அவள் வருந்தியது சைக்கிளை நினைத்துத்தான்.

கொட்டாம்பட்டிப் பக்கம் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவள். கல்லூரி நாட்களில் சைக்கிள் பந்தயங்களில் கலந்துகொண்டவள். கல்யாணமாகி நாகமலைப் புதுக்கோட்டைக்கு வந்த பிறகும், தோழி தமிழ்வாணியோடு ஞாயிறு காலைகளில் ஓட்டுவதை விடவில்லை. அவள் மிதிப்பது நுனிக்காலில். குதிகாலைத் தூக்கி, பெரிய கியரைப் போட்டு, பெருவிரலால் பெடலைக் கீழே நெரிப்பாள். தன் வலு முழுவதும் அந்த விரல்களில்தான் இருக்கிறது என்று நம்பியிருந்தாள்.

அதனால் விபத்துக்குப் பிறகு கீழக்குயில்குடி சாலையில் மறுபடி சைக்கிள் ஏறிய அன்று, கால் பழைய இடத்தையே தேடியது. அங்கே அழுத்த எதுவும் இல்லை. பெடல் வழுக்கிச் சுழன்று வந்து கெண்டைக்காலில் அடித்தது. பைக்கில் பின்னாலேயே வந்த கணவன் பாண்டிராஜ் பதறிப்போய் இறங்கினான்.

"போதும் மீனா. நல்லா நடக்குற, வேலைக்குப் போற. இது எதுக்கு?"

"நடக்குறது வேற, இது வேற" என்றாள், ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே.

அடுத்த வாரம் தமிழ்வாணி ஒரு பட்டை கொண்டுவந்து அவளுடைய இடது காலைப் பெடலோடு சேர்த்துக் கட்டினாள். கால் வழுக்கவில்லை. ஆனால் குறுக்கே ஆடு வந்தபோது அந்தக் காலை ஊன்ற முடியாமல், கட்டிய சைக்கிளோடு அப்படியே இடப்பக்கம் சாய்ந்தாள். பட்டையை அவிழ்த்துத் தூர எறிந்தாள். அதன் பிறகு வலது காலை நம்பியே ஓட்டினாள். இடது கால் சும்மா கூடச் சுற்றி வந்தது. சில வாரங்களில் வலது முழங்கால் வீங்கிவிட்டது. ஆய்வகத்தில் படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

தமிழ்வாணி எதிரிலிருந்து செல்போனில் எடுத்த வீடியோ ஒன்றை அன்றிரவு திரும்பத் திரும்பப் பார்த்தாள். எப்போதும்போல் கண் இடது காலுக்கே போனது. பார்த்துச் சலித்த பிறகுதான் மற்ற காலைக் கவனித்தாள். ஒவ்வொரு மிதிக்கும் வலது முழங்கால் உள்பக்கமாக மடிந்து சட்டத்தை உரசுவதுபோல வந்தது. குதிகால் மேலே தூக்கியே நின்றது. பழைய பந்தயப் புகைப்படங்களைத் தேடி எடுத்தாள். அதிலும் அதே கால், அதே கோணல். முழுசாக இருந்த காலும் இத்தனை வருடம் தவறாகத்தான் மிதித்திருக்கிறது. இளமை அதைத் தாங்கிக்கொண்டது, அவ்வளவுதான்.

மறுநாள் தமிழ்வாணிக்கு போன் போட்டாள். "ரெண்டு காலுக்கும் முதல்ல இருந்து பழகணும்டி. எனக்கு மிதிக்கத் தெரியாது."

இரண்டு பாதங்களையும் முன்னால் தள்ளி, நடுப்பாதம் பெடலின் அச்சுக்கு மேல் வரும்படி வைத்தாள். கால் எட்டும் தூரம் குறைந்ததால் சீட்டைக் கொஞ்சம் இறக்கினாள். புது நிலையில் ஒரு வேடிக்கை. இடப்பக்கம் நெருக்கித் திரும்பினால் வலது ஷூவின் முனை முன்சக்கரத்தின் பின்விளிம்பில் இடித்தது. சைக்கிளுக்கென்று வைத்திருந்த இடது ஷூவின் முனையை அவள் வெட்டித் தைத்துக் குட்டையாக்கியிருந்ததால் அங்கே அந்தத் தொல்லை இல்லை. "இதுக்கு இந்தக் கால்தான் வசதி" என்று சிரித்தாள். தமிழ்வாணிக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

பெரிய கியரை மறந்தாள். லேசான கியரில் கால்களை வேகமாகச் சுற்றினாள். பெடல் அடிக்குப் போனதும் அங்கேயே நெரிக்காமல், செருப்பில் ஒட்டிய சேற்றைப் படியில் வழிப்பதுபோலப் பின்னுக்கு இழுத்தாள். முழங்கால் நேராகப் போகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டாள். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் அவளைத் தாண்டி நடந்துபோன காலைகளும் உண்டு. பழைய வேகம் வரவேயில்லை. முழங்கால் வீக்கம் மட்டும் மெல்ல வற்றியது.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு, இருவரும் கொட்டாம்பட்டிக்குக் கிளம்பினார்கள். மேல்காற்று முதுகில் தள்ளியதால் போனதே தெரியவில்லை. முத்துமீனாவின் அம்மா முனியாயி வாசலுக்கு வந்தவர், மகளை விட்டுவிட்டுச் சைக்கிளையே பார்த்தார்.

"இதுலயா வந்த? அம்புட்டுத் தூரமும்?"

"ஆமாம்மா."

முனியாயி மகளின் இடது ஷூவைக் கழற்றி, பாதத்தை மடியில் வைத்து அமுக்கிப் பார்த்தார். எங்கே அமுக்கினாலும் வலிக்கவில்லை என்றாள் மகள். அவர் அதை நம்பிய மாதிரி தெரியவில்லை. "போறப்ப பஸ்ஸுல போ. காத்து எதுத்து அடிக்கும்" என்றார்.

அம்மா சொன்னபடியே காற்று எதிர்த்து அடித்தது. மேலூருக்கு முன்பே தமிழ்வாணி திணறினாள். ஆத்திரத்தில் பெரிய கியரைப் போட்டு உடம்பை ஆட்டி ஆட்டி மிதித்தாள். முத்துமீனாவுக்கும் அந்த ஆத்திரம் வந்தது. கை கியருக்குப் போயும்விட்டது. வேண்டாம் என்று எடுத்துக்கொண்டாள். கியரை இன்னும் லேசாக்கினாள். காற்றோடு மல்லுக்கு நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

சற்று நேரத்தில் தமிழ்வாணியின் குரல் பின்னாலிருந்து கேட்டது. "ஏய், கொஞ்சம் மெதுவாப் போடி. உன் முதுகுக்குப் பின்னாடியே வாரேன். காத்து குறைவா இருக்கு."

முத்துமீனா திரும்பிப் பார்க்காமல் வேகத்தைக் குறைத்தாள். தோழியின் சக்கரச் சத்தம் தன்னோடு ஒட்டி வரும்வரை பொறுத்திருந்து, பிறகு அந்த வேகத்திலேயே மதுரையை நோக்கி மிதித்தாள்.