தனி இலையில் வைத்த கிரீம் ரோல்

மும்பை செம்பூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் பாக்கெட் கேக்கும் கிரீம் ரோலும் தயாராகின்றன. வெளிநாட்டுக்குப் போகும் ரோலுக்குக் காட்டை அழிக்காமல் எடுத்த பாமாயில்தான் போட வேண்டும் என்று வாங்குகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். அந்த டிரம்களில் பச்சை ஸ்டிக்கர் இருக்கும். எந்தத் தோட்டத்து எண்ணெய், எந்த டிரம், எந்த ரோல் என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். உள்ளூர் ரோலுக்கான எண்ணெய் அதில் ஒரு சொட்டு கலந்தாலும் போச்சு. தனித் தொட்டி, தனிக் கரண்டி, தனித் துடைப்பம். "மிக்ஸ் மத் கரோ", கலக்காதே என்று சூப்பர்வைசர் நாள் முழுக்கக் கத்துவார். ஸ்டோர் என் பொறுப்பு என்பதால் அவரைவிட நான் அதிகம் கத்துவேன். அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. சாம்பார்க் கரண்டி ரசத்துக்குள் போனால் எனக்குப் பொறுக்காது.

முதல் பச்சை டிரம்களைத் துறைமுகத்துக் குடோனிலிருந்து டெம்போவில் கொண்டுவந்தவர் என் வீட்டுக்காரர்தான். இறக்கி வைத்துவிட்டு, "காட்டக் காப்பாத்துற எண்ணெயாம்லா? என் இடுப்பக் காப்பாத்தலயே" என்று சிரித்தார். அன்று சாயங்காலம், சிக்னலில் நின்ற டெம்போவிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

அந்த எண்ணெயில் செய்த ரோல் எது என்று கண்டுபிடிப்பது எனக்குக் கஷ்டமே இல்லை. அதுதானே என் வேலை. கூட வேலை பார்ப்பவளிடம் சொல்லி அதில் ஒன்றை வாங்கி வைத்தேன். பதினாறாம் நாள் காக்கைக்குச் சோறு வைக்கும்போது அதையும் வைத்தேன். அவர் கடைசியாகச் சுமந்தது அவர் வயிற்றுக்கே போகட்டும் என்று தோன்றியது. நாத்தனார் கீழே வந்தவர்களுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாள். நான் மட்டும் எங்கள் தாராவி வீட்டின் இரும்பு ஏணியில் ஏறித் தகரக் கூரையில் வைத்துவிட்டு வந்தேன்.

காக்கை வந்தது. சோற்றையும் வடையையும் கொத்தித் தின்றது. ரோல் பக்கம் போகவே இல்லை.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். தினமும் சோறு காலியானது, ரோல் கிடந்தது. அடியில் இருந்த வாழையிலை கறுத்துச் சுருண்டது. மேலே ரோல் பாக்கெட்டைப் பிரித்த அன்றைக்கு இருந்தபடியே இருந்தது. எறும்பு ஏறவில்லை. சோப்பைக்கூட விட்டுவைக்காத எங்கள் தெரு எலிகள் அதைத் தொடவில்லை. கெட்டுப்போகாமல் இருக்க அதில் என்ன போடுகிறோம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏணியில் ஒவ்வொரு படியாக நின்று நின்றுதான் ஏறினேன். கம்பெனிப் பயிற்சியில் காட்டை அழித்து எண்ணெய்ப்பனை நட்ட இடம் ஒன்றைப் படமாகக் காட்டினார்கள். வரிசையாக மரம் நிற்கிறது, ஒரு பறவைச் சத்தம் இல்லை. ரோலைச் சுற்றி அந்த அமைதிதான் இருந்தது.

"என்னமோ கொற வச்சிட்டுப் போயிருக்காரு" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அதை என் மகள் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து தட்டில் பாதிச் சோற்றை ஒதுக்கினாள். பிறகு தட்டையே தொடவில்லை. "அப்பா அதத் தின்னட்டும். அப்புறம் நான் திங்கேன்." கெஞ்சினேன், அடிக்கவும் கை ஓங்கினேன். பிஸ்கட்டும் டீயுமாக நாள் ஓடியது. பள்ளிக்கூடப் பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்தி அனுப்பினேன். ரோலை எடுத்து எறிந்துவிடலாம் என்றால், "அப்பாவோடத எடுக்காத" என்று ஏணியை மறித்துக்கொண்டு நின்றாள்.

அமாவாசைக்கு விக்ரோலியிலிருந்து நாத்தனார் வந்தாள். இந்த முறை சோற்றை எடுத்துக்கொண்டு என்னோடு அவளும் கூரைக்கு ஏறினாள். காய்ந்த இலையையும் ரோலையும் பார்த்துத் திகைத்துப்போனாள்.

"என்ன மைனி இது, தனி எலையில வச்சிருக்கிய? எல்லாத்துலயும் கொஞ்சம் எடுத்து ஒண்ணாப் பெசஞ்சில்லா காக்காக்கு வைக்கணும்?"

சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த முறை அது. பதினாறாம் நாள் அழுத கண்ணோடு ஏறியவள், கம்பெனித் தொட்டியைப் பிரித்து வைப்பதுபோல அவருக்கும் பிரித்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அவள் ரோலைப் பிய்த்துச் சோற்றோடும் பருப்போடும் பாயசத்தோடும் பிசைந்து உருட்டி வைத்தாள். கையை எடுப்பதற்குள் காக்கை இறங்கிவிட்டது. எங்கிருந்து வந்தது என்று நாங்கள் பார்க்கவில்லை. அவசரமே படாமல், ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றது. பிறகு தலையைச் சாய்த்து என்னையே பார்த்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஏணியின் பாதியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மகள், "அப்பா தின்னுட்டாரு. எம்மா, எனக்குப் பசிக்கு" என்றாள்.

இறங்கி வந்து சோறு போட்டேன். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அவள் நிம்மதியாக மெல்லுவதைப் பார்த்தபடி கரண்டியும் கையுமாக நான் அழுதேன். நாத்தனாருக்கு ஏனென்று புரியவில்லை. ரோல் தொடாமல் கிடந்த நாளெல்லாம் பயந்துதான் இருந்தேன். ஆனால் அது கிடக்கும்வரை அவர் இன்னும் கிளம்பவில்லை என்றும் நம்பியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அவர் போனார்.