முதல் நாள் பொரி

மீன் தொட்டித் தண்ணீரிலேயே கீரை வளர்க்கும் ஆசை, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வந்தது. மாடம்பாக்கம் வீட்டுக்குப் பின்னால் தொட்டி வைத்து, ஜிலேபிக் கெண்டைக் குஞ்சுகளை விட்டேன். விற்றவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: “ரெண்டு நாள் தீனியே போடாதீங்க சார். புது எடம், துன்னாதுங்க. போட்டது அழுகி தண்ணி கெட்டுடும்.”

தெருவே பார்க்க வந்தது. கோயில் குளத்து மீன் என்ற நினைப்பில் ஆளுக்கொரு பிடி பொரி போட்டார்கள். யாரிடம் எத்தனை முறை சொல்வது? வலையால் அள்ளி அள்ளி இடுப்பு ஒடிந்தது. கடைசியில் தொட்டியைப் பலகையால் மூடி, மேலே செங்கல்லும் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

காலையில் பலகை விலகிக் கிடந்தது. தண்ணீரில் மறுபடியும் பொரி. பக்கத்தில் டப்பாவோடு என் மனைவி.

“அறிவிருக்கா உனக்கு? பட்டினி போடணும்னு எத்தனை வாட்டி சொன்னேன்!”

அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள், சாப்ட்டியான்னு என்னை யாரும் கேக்கல” என்றாள்.

அந்த யாரும் என்பதில் நானும் அடக்கம். வலையை எடுத்துக்கொண்டு மறுபடியும் குனிந்தேன்.