மாமாவின் ராசா வாள்

மாமாவுக்கு ராசா வேஷம் கிடைத்தபோது எனக்கு எட்டு வயது. அம்மாவின் தம்பி அவர். ஒஸ்லோவின் ஓரத்தில், ஹவுகெட்டோவில் எங்களோடுதான் இருந்தார். மன்னாரில் இருந்தவரைக்கும் கூத்தில் அவருக்கு வாயில்காவலன் வேஷத்துக்கு மேல் ஒருவரும் கொடுத்ததில்லை. ஒஸ்லோவில் ஆள் தட்டுப்பாடு, ராசாவாகிவிட்டார். இந்த முறை பிழைவிட்டால் இனி மேடையே ஏறமாட்டேன் என்று அம்மாவிடம் சத்தியம் பண்ணியிருந்தார்.

ராசா வாள் எப்படியிருக்கும் என்று பார்க்க அருங்காட்சியகத்துக்கு என்னையும் கூட்டிப்போனார். கண்ணாடிக்குள் மத்தியகாலக் குதிரைவீரன் ஒருவனின் வாள் கிடந்தது. முழுக்கக் கறள், துருவேறி ஓரமெல்லாம் பூச்சி அரித்ததுபோல. எனக்குச் சீ என்றாகிவிட்டது.

"இஞ்சை பார் பிள்ளை, இது கிழடாப் போச்சு. இளந்தாரியா இருக்கேக்கை எப்பிடி மினுங்கியிருக்கும்!" என்றார் மாமா.

அந்த இளந்தாரியையே, புதிதாகச் செய்த நகலாக, தபாலில் எடுப்பித்தார். அதே நீளம், பிடியின் நுனியில் அதே வட்டக் குமிழ், அதே இரும்புப் பாரம். கூர் மட்டும் இல்லை. கூத்துப் பழக்கிய அண்ணாவியார் தலையில் அடித்துக்கொண்டார். "கூத்துக்கு அட்டை வாள் காணும் தம்பி. உதோடை ஆடேலாது." மாமா கேட்டால்தானே! நானோ என் மாமாவிடம் உண்மையான வாள் இருக்கிறதென்று வகுப்பு முழுக்க அளந்துவிட்டிருந்தேன்.

கூத்தன்று முதல் பாட்டுக்கு மாமா கம்பீரமாகத்தான் ஆடினார். இரண்டாவதில் கை இறங்கியது, கால் தாளத்தை விட்டது. மத்தளம் ஓடுகிறது, ராசா மூச்சிரைத்து நிற்கிறார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். மாமா சட்டென்று வாளைத் தரையில் கிடத்திவிட்டு, பக்கத்தில் நின்ற சேவகனின் அட்டை வாளைப் பறித்தார். அதற்குப் பிறகுதான் ஆட்டமாம். சபையே எழும்பி நின்று கைதட்டியது.

நான் விக்கி விக்கி அழுதேன். வெள்ளித்தாள் ஒட்டிய வாளோடு ஒரு ராசாவா! நாளைக்கு வகுப்பில் எந்த முகத்தோடு போவது?

கூத்து முடிந்ததும் வேஷம் கலைக்காமலே ஓடிவந்து மாமா என்னைத் தூக்கினார். "ஆட்டத்தைப் பாத்தோ அழுறாய், என்ரை குஞ்சு?" பிறகு என்னைத் தோளில் வைத்துக்கொண்டு, "பாத்தீங்களோ, சின்னப்பிள்ளைக்கே விளங்கியிருக்கு!" என்று மண்டபம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். அவருடைய கண்ணும் கலங்கியிருந்தது.

அடுத்த வருஷம் வேலைக்காக வடக்கே துரொண்ட்ஹெய்ம் நகருக்குப் போய்விட்டார். பிறகு கூத்தே ஆடவில்லை. எங்கள் சனம் இன்றைக்கும் அந்த ஆட்டத்தைப் பற்றிக் கதைக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. நானும் முன்வரிசையில்தான் இருந்தேன். அதில் ஒரு அடியைக்கூட நான் பார்க்கவில்லை. தரையில் கிடந்த வாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.