ஊசியக்காவின் அகல டயர்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசியால் ரத்தம் எடுப்பது அவள் வேலை. அதனால் எங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழுவில் அவளுக்கு ஊசியக்கா என்று பெயர். பயந்த சுபாவம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அவள் கண்ணுக்கு ஈரமான இலைகூட எமன்தான்.

தனக்காகப் பயந்திருந்தால் கேலி செய்துவிட்டுப் போயிருப்பேன். அவள் பயமெல்லாம் தங்கையைப் பற்றி. குழுவில் ஒருவர் சக்கரத்துக்குப் பின்னால் கொஞ்சம் இடம் விட்டு அடுத்தவர் ஒட்டி வருவோம். எதிர்க்காற்றை முன்னால் போகிறவர் வாங்கிக்கொள்வார். தங்கைக்கு அக்காவைத் தவிர வேறு யார் பின்னாலும் போக நம்பிக்கை கிடையாது. "நான் சறுக்கினா அவ என் மேலதானே வந்து விழுவா?" என்று ஊசியக்கா பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்புவாள்.

கடைசியில் கவலை டயரில் வந்து நின்றது. எல்லோரையும் போல அவளும் இருபத்தைந்து மில்லிமீட்டர் அகல டயர்தான் போட்டிருந்தாள். இருபத்தெட்டுக்கு மாற்றலாமா, முப்பத்திரண்டா? அகலமாகப் போட்டால் பிடிப்பு அதிகம், ஆனால் வேகம் குறைந்து பின்தங்கிவிட்டால்? கடைக்காரரைப் படாதபாடு படுத்தினாள். அவர் ஃபிரேமுக்கும் சக்கரத்துக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்து, "முப்பத்திரண்டு தாராளமா உக்காரும்மா. காத்த மட்டும் கொறச்சு அடிங்க. என்னை ஆள விடுங்க" என்றார்.

"நீயும் மாத்துடி" என்று தங்கையையும் நச்சரித்தாள்.

"டிராக்டர் ஓட்டுற மாதிரி இருக்கும், எனக்கு வேணாம்" என்றாள் தங்கை.

டயரை மாற்றியதும் ஊசியக்கா ஆளே மாறிப்போனாள். முன்பு சின்னக் கல்லில் ஏறினாலும் உடம்பே அதிரும். இப்போது மெத்தையில் போகிறாளாம். பின்தங்கவும் இல்லை. ஒரு ஞாயிறு சிரித்துக்கொண்டே குழுவுக்கு முன்னால் போனாள். முன்னால் போகிறவர் பள்ளம், விரிசல் எதைப் பார்த்தாலும் கையை நீட்டிக் காட்ட வேண்டும். பின்னால் வருகிறவர்களுக்குச் சாலை தெரியாது, முன்னவரின் சக்கரம்தான் தெரியும். சின்னச் சின்னப் பள்ளங்களில் எல்லாம் ஏறி இறங்கிக்கொண்டே போனாள், கை நீளவே இல்லை. தனக்குக் குலுங்காதது யாருக்கும் குலுங்காது என்று நினைத்துவிட்டாளோ என்னவோ. மூன்றாவதாக வந்த நான், "அக்கா, கை காட்டுங்க!" என்று கத்தினேன். எதிர்க்காற்றில் அவளுக்குக் கேட்டிருக்காது.

கான்கிரீட் சாலையில் நீளவாக்கில் ஒரு விரிசல். ஊசியக்காவின் டயர் அதன் மேல் போனதை அவள் உணரவே இல்லை. தங்கையின் டயர் உள்ளே இறங்கி மாட்டிக்கொண்டது. நான் ஒடித்துத் திருப்பித் தப்பினேன். விழுந்ததில் தங்கைக்குத் தோளருகே காறை எலும்பு முறிந்தது.

சாலையோரம் ஆம்புலன்ஸுக்காகக் காத்திருந்தோம். ஊசியக்கா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அவ்ளோ பெரிய விரிசலு, நீ பாக்கலையாடி?"

தங்கை வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நான் எதுக்குக்கா பாக்கணும்? நீதானே முன்னால போன."